செம்மண்ணில் மணிச்சத்து வேலை செய்ய வேண்டுமா? சூப்பர் பாஸ்பேட்டைக் குப்பையோடு சேர்த்துப் போடுங்கள்

காரைக்குடி, கல்லல், பள்ளத்தூர்ப் பக்கம் தோட்டம் போடுகிறவர்களிடம் பேசினால் ஒரு குறை கட்டாயம் வரும். அடியுரமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள டி.ஏ.பி. போட்டாச்சு, சூப்பர் பாஸ்பேட்டும் போட்டாச்சு, கத்தரி நட்டு நாற்பது நாள் ஆகிறது, செடி சாகவும் இல்லை வளரவும் இல்லை, கரும்பச்சை இலையோடு ஒரு முழம் உயரத்திலேயே நிற்கிறது. எனக்கும் இதுதான் நடந்தது, தொடர்ந்து மூன்று வருஷம். உரம் சரியில்லை என்று நினைத்து வேறு கடையில் வாங்கினேன், நாற்று சரியில்லை என்று வேறு இடத்தில் நாற்று எடுத்தேன், தண்ணீரைக் கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கோளாறு நான் உரத்தைப் போட்ட விதத்தில் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்ச் செம்மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டை வெறும் மண்ணில் தூவாதீர்கள். மாட்டுச் சாணம், ஆட்டு எரு மாதிரி நன்றாக மக்கிய குப்பையோடு கலந்து, ஒரு மாதம் மூடி வைத்து, அப்புறம் வேருக்குப் பக்கத்தில் வையுங்கள். இதே மூட்டை, இதே மண், ஆனால் செடி வேறு மாதிரி வரும். ஏன் அப்படி, எவ்வளவு போடுவது, எப்படிக் கலப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

மண் ஏன் சத்தைப் பிடித்து வைக்கிறது

பாஸ்பரஸுக்குத் தமிழில் மணிச்சத்து என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைக் கேட்டதும் இது நெல்மணி பிடிக்கிற சமயத்துக்கானது, காய்கறிக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மணி பிடிப்பது கடைசி வேலை. முதல் வேலை வேர். நாற்று நட்ட முதல் மூன்று நான்கு வாரத்தில் வேர் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் பின்னால் கிளையும் பூவும். அந்த வாரங்களில் மணிச்சத்து கிடைக்காமல் போனால் பிற்பாடு எவ்வளவு கொட்டினாலும் அந்த நாட்களைத் திருப்பி எடுக்க முடியாது.

நம்ம பக்கத்து மண் சிவப்பாக இருப்பதே அதிலுள்ள இரும்பினால்தான். கிணறு வெட்டும்போது செம்புறாங்கல் வருகிற ஊர்களில் இரும்பும் அலுமினியமும் இன்னும் அதிகம், மண்ணும் கொஞ்சம் புளிப்புத் தன்மையோடு இருக்கும். சூப்பரில் இருக்கிற மணிச்சத்து தண்ணீரில் கரையக்கூடியதுதான், ஆனால் கரைந்து வெளியே வந்ததும் இந்த இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. போட்ட மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 முதல் 20 சதவீதம்தான். மிச்சம் எங்கும் ஓடிப்போகவில்லை, மண்ணிலேயேதான் இருக்கிறது, செடிக்கு எட்டாத மாதிரி இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. யூரியா தண்ணீரோடு ஓடும். மணிச்சத்து ஓடாது, விழுந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரம்கூட நகராது. மேலே தூவினால் மேலேயே கிடக்கும், சித்திரை வெயிலில் மேல் மண் காயும்போது அங்கே வேரே இருக்காது. நட்டு முப்பதாம் நாள் யூரியாவோடு சேர்த்துச் சூப்பரையும் செடி ஓரத்தில் வீசுகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். அந்தக் காசில் பெரும்பகுதி அந்தப் பயிருக்குப் போய்ச் சேராது.

குப்பை இதில் என்ன செய்கிறது? மக்கும்போது குப்பையிலிருந்து பல அமிலங்கள் வருகின்றன, எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலமும் அதில் ஒன்று. இவை இரும்பையும் அலுமினியத்தையும் தாங்களே பிடித்துக்கொள்வதால் மணிச்சத்து சிக்காமல் தப்பிக்கிறது. மக்கின குப்பையின் கரிய பொருள் மண் துகளின் மேல் படிந்து, மணிச்சத்து ஒட்ட வேண்டிய இடத்தில் முன்னமே உட்கார்ந்துவிடுகிறது. குப்பையில் இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கொஞ்சம் மணிச்சத்தைத் தின்று தங்கள் உடம்பில் வைத்திருந்து, சாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இது போக, ஈரம். மணிச்சத்து அந்தச் சிறு தூரத்தை நகர்வதற்கும் ஈரம் வேண்டும், நம்ம சரளை மண்ணில் ஈரம் நிற்காது, குப்பை போட்ட இடத்தில் நிற்கும். எனக்குத் தெரிந்து இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே நம்ம பக்கம் இரண்டையும் சேர்த்துப் போடலாம்.

எங்கள் ஐயா குப்பைக் குழியில் அடுக்குக்கு அடுக்கு ஒரு கைப்பிடி சூப்பர் தூவுவார். கேட்டால் நாற்றம் அடங்கும் என்பார். அது உண்மைதான். சூப்பரில் ஜிப்சம் கலந்திருக்கிறது, அது சாணம், மூத்திரத்திலிருந்து வெளியேறுகிற அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். நாற்றமாகக் காற்றில் போவது தழைச்சத்து (நைட்ரஜன்), ஆகவே நாற்றம் அடங்கினால் தழைச்சத்து மிச்சம் என்று அர்த்தம். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ல் நம்ம ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது, அதனால் இரண்டு மூன்று தலைமுறையாகக் கையில் புழங்குகிற உரம் இது. குப்பையோடு சேர்த்துப் போடுகிற பழக்கம்தான் நடுவில் விட்டுப்போனது, மாடு குறைந்ததும் குப்பையும் குறைந்தது.

எந்தக் குப்பை

தொழு உரம், அதாவது மாட்டுக் குப்பை, 100 கிலோவில் சுமார் அரைக் கிலோ தழைச்சத்தும் 200 கிராம் மணிச்சத்தும் அரைக் கிலோ சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இருக்கும். ஆட்டுப் புழுக்கையில் இது 3 கிலோ, 1 கிலோ, 2 கிலோ. கோழி எருவில் மணிச்சத்து மட்டுமே இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கு மனசில் இருந்தால் ஒரு விஷயம் புரியும். ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் அடித்தால் அதிலேயே 20 கிலோ மணிச்சத்து வந்துவிடுகிறது, இரண்டரை மூட்டை சூப்பருக்குச் சமம். ஆனால் அது மெதுவாக, பயிர்க்காலம் முழுக்கவும் அதற்கப்புறமும் வெளியே வருவது. முதல் மாதப் பசிக்குச் சூப்பர், பிற்பாடு தொடர்ந்து கொடுக்கக் குப்பை, ஆகவே இரண்டும் வேண்டும் என்பது என் அனுபவம். ஒன்று மட்டும் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

கோழி எருவை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள், சூடு தாங்காமல் நாற்று கருகும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் மக்க விடுங்கள். தொடர்ந்து கோழி எரு அடிக்கிற நிலத்தில் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போகும், அங்கே சூப்பரே வேண்டாம் என்கிற நிலைமைகூட வரலாம்.

ஆட்டுக்கிடை, அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்து வைப்பது, கிடைத்தால் விடாதீர்கள். அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போட்டுவிட்டு, எடுத்த கையோடு உழ வேண்டும். ஆடு மேய்க்கிற ஒரு கீதாரி என்னிடம் சொன்னது இது: "தம்பி, கிடையைக் கிளப்புன அன்னைக்கே ஓட்டிப்புடு, வெயில்ல காஞ்சா நான் போட்டதுல பாதி காத்துல போயிரும்." அவர் சொன்னது அப்படியே சரி, காற்றில் போவது தழைச்சத்துதான். கிடை போட்ட வருஷம் நான் சூப்பரை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறேன்.

கண்மாய் வண்டல் அடிக்கிறவர்கள் அதைக் குப்பைக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். சரளை மண்ணுக்கு வண்டல் ரொம்ப நல்லது, ஈரம் பிடிக்கும், உரம் பிடிக்கும், அனுமதி வாங்கி எடுக்க முடிந்தால் கட்டாயம் எடுங்கள். ஆனால் மக்கும் பொருள் அதில் குறைவு, மேலே சொன்ன அமில வேலையும் நுண்ணுயிர் வேலையும் குப்பைதான் செய்யும். தைலமரச் சருகும் முந்திரிச் சருகும் நம்ம பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று குழியில் நிறையக் கொட்டாதீர்கள், சீக்கிரம் மக்காது. மக்காத சருகு மண்ணுக்குள் போனால் நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

எவ்வளவு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவை ஏக்கருக்கு மாற்றிச் சொல்கிறேன். தொழு உரம் எல்லாவற்றுக்கும் ஏக்கருக்கு 10 டன். மணிச்சத்து, கத்தரிக்கும் வெண்டைக்கும் 20 கிலோ, மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் 24 கிலோ, தக்காளிக்கு 40 கிலோ. 50 கிலோ சூப்பர் மூட்டையில் 16 சதவீதம் என்றால் 8 கிலோ மணிச்சத்து. ஆகவே கத்தரி, வெண்டைக்கு இரண்டரை மூட்டை, மிளகாய், வெங்காயத்துக்கு 3 மூட்டை, தக்காளிக்கு 5 மூட்டை.

ஏக்கர் கணக்கில் காய்கறி போடுகிறவர்கள் நம்ம பக்கம் குறைவு, கிணற்றுத் தண்ணீருக்கு 20 சென்ட் போட்டாலே பெரிசு. 20 சென்ட்டுக்கு என்றால் 2 டன் குப்பை, கத்தரி அல்லது வெண்டைக்கு 25 கிலோ சூப்பர், மிளகாய் அல்லது வெங்காயத்துக்கு 30 கிலோ, தக்காளிக்கு ஒரு முழு மூட்டை. புடலை, பாகல், பீர்க்கு மாதிரிக் கொடிக்காய்களுக்குக் குழிக் கணக்கு. குழிக்கு 10 கிலோ குப்பை, 12 கிராம் மணிச்சத்து, அதாவது 75 கிராம் சூப்பர்.

இந்த அளவெல்லாம் பொதுவானது. உங்கள் மண்ணைப் பரிசோதித்தால் இதில் பாதிகூடப் போதும் என்று வரலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டி.ஏ.பி. போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது, தூக்குவதற்குச் சுலபம். ஆனால் குப்பையோடு மூடி வைப்பதற்குச் சூப்பர்தான் ஏற்றது. அதில் சுமார் 11 சதவீதம் கந்தகம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது, டி.ஏ.பி.யில் இந்த இரண்டும் இல்லை. சின்ன வெங்காயத்துக்குக் காரம் ஏறுவதற்கே கந்தகம் வேண்டும். பாறை பாஸ்பேட்டும் நம்ம மண்ணுக்கு ஆகும், புளிப்பு மண்ணில் மட்டும் அது மெல்லக் கரையும், அதைக் குப்பைக் குழி நிரப்பும்போதே போட்டுவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். அவசரத்துக்கு உதவாது.

கலந்து மூடி வைப்பது

ஆடிப் பட்டத்துக்கு நடுவதாக இருந்தால் ஆனி பிறந்ததும் இந்த வேலையை ஆரம்பியுங்கள், தைப் பட்டம் என்றால் மார்கழித் தொடக்கத்தில். 20 சென்ட் கத்தரிக்கு எடுத்துக்கொள்வோம். 2 டன் குப்பையில் சுமார் 150 முதல் 200 கிலோவைத் தனியாக எடுங்கள், நன்றாக மக்கினதாக, கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் மண் வாசனை அடிப்பதாக, கட்டியில்லாமல் உதிர்வதாக இருக்கட்டும். கல், வேர், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கிவிட்டு நிழலில், மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில், தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். அதன் மேல் சூப்பரைச் சீராகத் தூவி, மறுபடி குப்பை, மறுபடி சூப்பர், இப்படி நான்கைந்து அடுக்கு. அப்புறம் மண்வெட்டியால் இரண்டு தடவை புரட்டிக் கலந்துவிடுங்கள்.

இப்போது தண்ணீர். இதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம் வேண்டும், கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பூவாளியில் தெளித்துத் தெளித்துக் கொண்டுவாருங்கள், குழாயைத் திறந்துவிடாதீர்கள். பதம் வந்ததும் குவித்து, இடுப்பு உயரத்துக்குக் கூம்பாகச் சேர்த்து, மேலே செம்மண்ணும் சாணியும் குழைத்து ஒரு விரல் கனத்துக்குப் பூசிவிடுங்கள். பூச நேரமில்லை என்றால் தார்ப்பாயைப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். பூச்சில் வெடிப்பு விட்டால் சாணிக் கரைசலை வைத்து அடையுங்கள். ஒரு மாதம் கிடக்கட்டும், நடுவில் புரட்ட வேண்டாம்.

திறக்கும்போது கறுத்து, பொலபொலவென்று, வெள்ளைச் சூப்பர்த் துகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று வேளாண் துறையில் சொல்வது இதைத்தான், மானாவாரிப் பயறுக்கு ஏக்கருக்கு 300 கிலோ என்று சிபாரிசு செய்வார்கள். காய்கறிக்கு மணிச்சத்து கூடுதலாக வேண்டியிருப்பதால் நான் குப்பையையும் கூட்டி எடுத்துக்கொள்கிறேன்.

சாம்பலை இந்தக் குவியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அடுப்புச் சாம்பல் எல்லாம் குப்பையில்தான் கொட்டுவோம், அது பழக்கம், ஆனால் சாம்பலும் சுண்ணாம்பும் பட்டால் கரைகிற மணிச்சத்து கரையாததாக மாறிவிடும். துத்தநாக சல்பேட்டையும் இதோடு கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து கெட்டிப்பட்டு இரண்டும் வீணாகும். துத்தநாகத்தைத் தனியாக மணலோடோ குப்பையோடோ கலந்து வேறு ஒரு நாள் போடுங்கள். மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டியிருந்தால் அது நடவுக்கு ஒரு மாதம் முந்தியே முடிந்திருக்கட்டும்.

வேருக்குப் பக்கத்தில் வைப்பது

மிச்சமிருக்கிற குப்பையைக் கடைசி உழவில் நிலம் முழுக்கப் பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். ஊட்டமேற்றினதை மட்டும் வீசாதீர்கள். பார் (நாற்று நடுகிற நீள மேடு) பிடித்த பிறகு, நாற்று நடப்போகிற பக்கத்தில் மண்வெட்டி நுனியால் நான்கு விரல் ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதில் கைகையாக வைத்துக்கொண்டே போய் மண்ணைத் தள்ளி மூடுங்கள். நாற்றின் வேர் அதற்கு இரண்டு விரல் தள்ளியோ மேலேயோ இருக்கும்படி நடுங்கள். ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதால் மண்ணின் இரும்போடு உரசுகிற பரப்பு குறைகிறது, வேர் எட்டுகிற தூரத்திலும் இருக்கிறது. வெங்காயத்துக்கு இப்படிக் கோடு இழுக்க முடியாது, பாத்தியின் மேல் மண்ணில் நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தால் போதும். கொடிக்காய்க்குக் குழியின் மேல் பாதியில் கலந்துவிடுங்கள், அடியில் புதைத்தால் இளம் வேர் போய்ச் சேரத் தாமதமாகும்.

மண்ணில் சிக்கிய மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிற பாஸ்போபாக்டீரியா பொட்டலம் வாங்கியிருந்தால் ஏக்கருக்கு 4 பொட்டலம், 200 கிராம் அளவு, 20 சென்ட்டுக்கு ஒன்று. இது உயிருள்ளது, சூப்பரோடு நேரடியாகக் கலந்தால் நிறையச் செத்துவிடும். ஐந்தாறு கிலோ மக்கின குப்பையில் தனியாகக் கலந்து, நட்ட ஒரு வாரம் கழித்து ஈரத்தில் செடி ஓரம் வைத்து மண்ணைத் தள்ளுங்கள். வெயிலில் வைத்த பொட்டலத்தை வாங்காதீர்கள், காலாவதி தேதியையும் பாருங்கள்.

தழைச்சத்தும் சாம்பல் சத்தும் வழக்கம்போலத்தான், தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். மணிச்சத்து மட்டும் மொத்தமும் அடியில், ஒரே தடவையில்.

எந்தப் பயிர் எப்படிப் பதில் சொல்கிறது

தக்காளிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மணிச்சத்து பற்றாவிட்டால் இலையின் அடிப்பக்கமும் நரம்பும் ஊதா நிறமாகும், தண்டு மெலிந்து விறைப்பாக நிற்கும், பூ பிந்தும். குப்பையும் சூப்பரும் சேர்த்த பாத்தியில் எனக்குப் பூ ஒரு வாரத்துக்கு மேல் முந்தி வந்தது. ஒரு எச்சரிக்கை, கார்த்திகை அடைமழையில் குளிர்ந்து ஊறிய மண்ணில் உரம் இருந்தும் வேர் அதை எடுக்காது, அப்போதும் இலை ஊதாவாகும். உடனே மூட்டையைப் பிரிக்காமல், தண்ணீரை வடித்துவிட்டு வெயில் வந்து ஒரு வாரம் பாருங்கள், தானாகவே பச்சை திரும்பும்.

கத்தரி மெதுவாகக் கிளம்பும், ஆனால் ஐந்தாறு மாதம் நிற்கிற பயிர். அதனால் இங்கே குப்பையின் பங்கு பெரிசு. சூப்பர் மட்டும் வைத்த பாரில் முதல் இரண்டு மூன்று பறிப்பு நன்றாக வந்துவிட்டு அப்புறம் காய் சிறுத்தது, குப்பை மட்டும் போட்ட பாரில் ஆரம்பம் மந்தமாக இருந்து பின்னால் பிடித்தது, இரண்டும் சேர்ந்த பார் முந்தியும் வந்தது, கடைசி வரைக்கும் காயின் அளவும் குறையவில்லை. கத்தரிக்காயை மசித்துச் செய்கிற கோசமல்லிக்கு வாங்குகிறவர்கள் பிஞ்சாக, விதை முற்றாத காயாகக் கேட்பார்கள், தடையில்லாமல் வளர்கிற செடியில்தான் அப்படிப் பறிக்க முடியும். மிளகாயும் கிட்டத்தட்ட இதே கதைதான், கிளை பிரிகிற சமயத்தில் வித்தியாசம் தெரியும்.

வெண்டை சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிகிற பயிர். சிபாரிசுக்கு மேல் மணிச்சத்து கொடுத்து எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை, கொடுக்காதீர்கள். குப்பை நிறைவாக இருந்தால் மட்டும் பறிப்பு நாட்கள் நீள்கிறது, மண்டிக்கு ஏற்ற பிஞ்சு கூடக் கொஞ்ச நாள் கிடைக்கிறது.

சின்ன வெங்காயத்தின் வேர் கொத்தாக மேலாகவே நிற்கும், வேர்த் தூவியும் குறைவு, தூரமாகப் போய்ச் சத்து எடுக்கத் தெரியாது. அதற்கு வேரில் ஒட்டி வாழ்கிற ஒரு நல்ல பூஞ்சாணம், வேம் என்பார்கள், நூல் மாதிரிப் படர்ந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். குப்பை உள்ள மண்ணில் இது நன்றாக இருக்கும், சூப்பரை அளவுக்கு மீறிக் கொட்டினால் ஒடுங்கிவிடும். வெங்காயத்தில் இரண்டையும் அளவாகச் சேர்ப்பதன் அருமை நன்றாகத் தெரியும்.

அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு இதற்கெல்லாம் மணிச்சத்து கிடைத்தால்தான் வேர் முடிச்சு பிடிக்கும். பூ எடுக்கிற சமயம் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வேரை அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. கீரைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், குப்பையிலிருந்து வருகிற மணிச்சத்தே போதும்.

அளவு மீறினால்

மணிச்சத்து கூடினால் செடி கருகாது, அதனால்தான் தெரியாமலே வருஷா வருஷம் கொட்டுகிறோம். முதலில் அடிபடுவது துத்தநாகம். புது இலை சிறுத்து, நரம்புக்கு நடுவில் வெளுத்து வந்தால், மேலும் டி.ஏ.பி. போடுவதை நிறுத்துங்கள். அப்புறம், செம்மண்ணோடு ஒட்டிய மணிச்சத்து ஐப்பசி மழையில் மண் அரித்துப்போகும்போது கூடவே போகும். நம்ம ஊர்களில் தோட்டத்துத் தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும்தான் போகிறது, பாசியும் வெங்காயத்தாமரையும் மண்டுவதற்கு இந்தச் சத்தும் ஒரு காரணம். ஊருணித் தண்ணீரைக் குடிக்கிற ஊர் இன்னும் இருக்கிறது. வரப்பை உயர்த்தி வையுங்கள், மழைக்கு முந்தின நாள் மேலாக உரம் வீசாதீர்கள்.

மண்ணைப் பரிசோதிக்காமல் இதற்கு மேல் யாரும் அளவு சொல்ல முடியாது. குப்பை அடிப்பதற்கு முன்னால், நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில எழுத்து வி மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், குப்பை குவித்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் நிழலில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, துணிப் பையில் கொடுங்கள். உரச் சாக்கில் போட்டுக் கொடுத்தால் முடிவே தப்பாகிவிடும். எங்கே கொடுப்பது என்று தெரியாதவர்கள் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ விசாரியுங்கள். செட்டிநாட்டில் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, நம்ம மண்ணிலேயே வேலை செய்கிறவர்கள்.

முடிவு வந்ததும் மணிச்சத்து எண்ணைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். குறைவு என்றால் மேலே சொன்ன முழு அளவு, கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை. நடுத்தரம் என்றால், குப்பையோடு மூடி வைத்துக் கோட்டில் வைப்பதாக இருந்தால் கால் பங்கு குறைத்துப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். அதிகம் என்றால் அந்தப் பட்டத்துக்குச் சூப்பரே வாங்காமல் குப்பையும் பாஸ்போபாக்டீரியாவும் மட்டும் போட்டு, மண்ணில் சேர்ந்து கிடப்பதை எடுங்கள்.

என் பேச்சை நம்பி நிலம் முழுக்க மாற்ற வேண்டாம். ஒரே நாள் நடவில், ஒரே நாற்றில், பக்கத்துப் பக்கத்தில் நான்கு பார் ஒதுக்குங்கள். ஒன்றுக்கு இரண்டும் இல்லை, ஒன்றுக்குக் குப்பை மட்டும், ஒன்றுக்குச் சூப்பர் மட்டும், ஒன்றுக்கு மூடி வைத்துக் கலந்தது. தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தண்ணீரும் நான்குக்கும் ஒன்றுபோல. முப்பதாம் நாள் பாருக்கு ஒரு செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முதல் பூ வந்த தேதியை எழுதுங்கள், ஒவ்வொரு பறிப்பையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் குறியுங்கள். பயிர் முடிந்ததும் அந்த நான்கு பாரையும் கலைக்காமல், உரம் எதுவும் வைக்காமல், தட்டைப்பயறு ஊன்றுங்கள். போன பயிர் எடுக்காமல் விட்ட மணிச்சத்து எந்தப் பாரில் மிச்சம் இருக்கிறது என்று அந்தப் பயறு வளர்கிற உயரத்திலேயே தெரியும்.